பூட்டு உடையாத திருட்டு

குமணன்சாவடி பொன்னியம்மன் கோயில் தெருவில் வீட்டைப் பூட்டுவதென்றால் அதில் மூன்று காரியம் உண்டு. பூட்டைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். சாவியை நிலைக்கு மேலே இருக்கும் கட்டையில் வைக்க வேண்டும். பிறகு எதிர்வீட்டைப் பார்த்து, "யக்கா, சாவி மேல வச்சிக்கீறேன்" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்திவிட்டுப் போக வேண்டும். என் வீடும் அதே தெருவில்தான். நானும் அப்படித்தான். சாவியை மடியில் கட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்டி இன்னாத்த வச்சிக்கினு கீறான் உள்ள?" என்பார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜம்புலிங்கமும் அவன் மனைவி தாட்சாயிணியும் இந்த மூன்று காரியத்தையும் ஒழுங்காக முடித்துவிட்டு வெள்ளானூரில் ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். ஜம்புலிங்கம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். பொழுது சாயத் திரும்பினார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி வைத்த இடத்தில் இருந்தது. முதலில் உள்ளே போன தாட்சாயிணி, "மாமா!" என்று கூப்பிட்ட குரலைக் கேட்டு ஜம்புலிங்கம் செருப்புக் காலோடு ஓடினான். சமையல் கட்டு மூலையில் அண்டாவைக் காணோம். தரையில் அது உட்கார்ந்திருந்த வட்டம் மட்டும் இருந்தது.

அது அவர்கள் வீட்டு அண்டா என்றால் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார்கள். அது தெருவின் கூழ் அண்டா. எட்டுக் குடம் பிடிக்கிற பித்தளை. கழுத்தில், 'பொன்னியம்மன் கோயில் தெரு உபயம் 1931' என்று வெட்டியிருக்கும். ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது அதில்தான். வருஷத்துக்கு ஒரு வீடாக அதை முறை போட்டு வைத்துக் காப்போம். அந்த வருஷம் ஜம்புலிங்கத்தின் முறை. முப்பத்தேழு வீடு முப்பத்தேழு வருஷம் பத்திரமாக வைத்திருந்த அண்டாவைத் தொலைத்தவன் என்ற பேரோடு எங்கள் தெருவில் குடியிருக்க முடியாது. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கு ஐந்து வாரம் இருந்தது.

எதிர்வீட்டு நாகம்மா விஷயத்தைக் கேட்டதும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! நான்தானேடி ஒரு கை புடிச்சி ரிக்ஷால ஏத்தி வுட்டேன்! ஒரு புள்ள வந்து, ஈயம் பூச எடுத்துகினு போறேன், ஜம்பு அண்ணாத்தே அனுப்பிச்சாருன்னான். சாவியத் தேடினு நின்னான். நான்தான் மேல பாருடா நைனான்னேன்."

"யக்கா, திருடனுக்கு நீயே சாவி காட்டினியா?" என்றாள் தாட்சாயிணி.

"திருடன்னு நெத்தில எழுதியா கீது? போவசொல்லோ பூட்டி, இழுத்துப் பாத்து, சாவிய வச்ச எடத்துலயே வச்சிட்டுப் போனான். இந்தத் தெரு பசங்க எவனுக்கு அந்தப் புத்தி கீது, சொல்லு!"

அப்போதுதான் ஜம்புலிங்கத்துக்கு டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கும் பாலிசி ஞாபகம் வந்தது. அது அவனாக எடுத்த பாலிசி இல்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் பக்தவத்சலம் என்று ஒரு டைம்கீப்பர். தாமதமாக வருகிறவர்கள் அட்டையில் சிவப்பு மையால் கோடு போடுகிற அதிகாரம் அவர் கையில். ஓய்வு நேரத்தில் அவர் ஸ்ரீ சர்வமங்களா இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஏஜெண்ட். வீட்டுச் சாமான் திருட்டுப் பாலிசி எடுத்தவர்களின் அட்டையில் சிவப்பு மை அவ்வளவாக விழாது. ஆகவே அந்தத் தொழிற்சாலையில் கயிற்றுக் கட்டில்கூட இல்லாதவர்கள் எல்லாம் வீட்டுச் சாமான்களை இன்ஷூர் செய்திருந்தார்கள்.

மறுநாள் ஜம்புலிங்கம் அவரிடம், "சார், ஊட்ல அண்டா திருடு போச்சு. க்ளெய்ம் போடணும்" என்றான். பக்தவத்சலத்தின் முகம் சுண்டிப் போயிற்று.

"க்ளெய்மா? ஜம்புலிங்கம், உனக்கு நான் என்ன குறை வச்சேன்? இத்தனை பேருக்கு பாலிசி போட்டுக் கொடுத்திருக்கேன். ஒருத்தராவது இந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?"

"திருடு போனா குடுப்பாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காகத் திருடு கொடுத்துட்டு வந்து நிப்பியா? அவசரப்படாதே. க்ளெய்ம் போடறதா வேண்டாமான்னு ஆற அமர யோசிக்கணும். முதல்ல மேனேஜரைப் பார்."

கம்பெனியின் கிளை பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. மேனேஜர் பெயர் கங்காதரன். நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் நாலு பேனா. ஜம்புலிங்கம் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் நின்றான். பாலிசி எடுக்க வந்தவன் என்று நினைத்து முதலில் நாற்காலி போட்டார்கள். க்ளெய்ம் என்றதும் பியூன் வேம்புலி வந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போனான்.

கங்காதரன் கோபப்படவில்லை. அன்பாகவே பேசினார்.

"தம்பி, ஆபத்துல இருக்கிறவனுக்குக் கொடுக்கிறதுக்குத்தான் இத்தனை பணம் சேர்த்து வச்சிருக்கோம். அதைப் போய் வர்றவன் போறவனுக்கெல்லாம் கொடுத்துட்டா, நாளைக்கு நிஜமாவே ஆபத்துல ஒருத்தன் வந்து நிப்பான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவரு எப்ப சார் வருவாரு?"

"முப்பத்திரண்டு வருஷமா எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார் கங்காதரன் வருத்தத்தோடு. "இன்னும் வரலை."

பிறகு எழுந்து ஜம்புலிங்கத்தைத் தோளில் கைபோட்டுச் சுவரோரம் அழைத்துப் போனார். சுவரில் ஒன்பது படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தன மாலை. செத்தவர்களுக்கும் மாலை, உயிரோடு இருப்பவர்களுக்கும் மாலை.

"இவங்கள்லாம் யாரு தெரியுமா? பாலிசி எடுத்து ஒரு தடவைகூட க்ளெய்ம் போடாத உத்தமர்கள். வருஷா வருஷம் விஜயதசமிக்கு மாலை மாத்தறோம். இதோ, இவர் வீடு ரெண்டு தடவை எரிஞ்சுது. மூச்சு விடலை. இவருக்கு மூணு தடவை திருட்டு. மூணாவது தடவை திருடன் பாலிசியையே எடுத்துட்டுப் போயிட்டான். அப்பவும் பிரீமியம் கட்டினார். எங்க ஆபீஸ் மேஜை நாற்காலி முதற்கொண்டு எங்க கம்பெனியிலேயே இன்ஷூர் பண்ணியிருக்கோம், அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு. உங்களுக்கு வேண்டாமா?"

பத்தாவதாக ஓர் ஆணி படமில்லாமல் இருந்தது. கங்காதரன் அதைத் தொட்டுக் காட்டினார்.

"உங்களுக்கு வயசு என்ன, முப்பத்தஞ்சு இருக்குமா? நல்லபடியா இருந்தீங்கன்னா இந்த ஆணி உங்களுக்குத்தான். போங்க, வீட்ல கலந்து பேசுங்க." கையில் ஒரு சிறு புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினார். அதன் தலைப்பு, 'கோருமுன் யோசி'. முதல் பக்கத்தில், 'திருட்டுப் போனது பொருள்தான், மனநிம்மதி அல்ல. க்ளெய்ம் போட்டால் அதுவும் போகும்' என்று அச்சடித்திருந்தது. இதையும் ஒருவன் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான், பாருங்கள்.

வீட்டில் கலந்து பேசினார்கள். ஜம்புலிங்கம் புத்தகத்தைப் பாதி படித்திருந்தான். சுபாவமாகவே பயந்தவன். படித்தது இன்னும் கெடுத்துவிட்டது.

"வேணாம் தாச்சா, வுட்ருவோம். அலைய வச்சே கொன்னுடுவாங்க போலக் கீது. அந்த ஆணிய எனக்குத்தான்னு சொன்னாரு."

"ஆணிலயா கூழ் காச்சறது?" என்றாள் தாட்சாயிணி.

அவன் புத்தகத்தை மூடி வைத்தான்.

"மாமா, புது அண்டா வாங்க நம்மகிட்ட வழி கீதா? இல்ல. திருடு போச்சுன்னா தெருவுல எவ நம்பறா? இப்பவே ஒருத்தி, அண்டாவ வித்துத் தின்னுட்டு நாடகம் ஆடறாங்கன்னு கொழாயடில பேசிகினு கீறா. மூணாம் ஞாயிறு எல்லாரும் பானைய தூக்கினு வந்து நின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சினு நிக்கறது? வருஷா வருஷம் கட்டினமே, அது இன்னாத்துக்கு? போடு க்ளெய்ம."

போட்டான். எட்டுப் பக்கப் படிவம். பதினான்காவது பத்தியில் பொடி எழுத்தில் என்னென்னமோ இருந்தது. வேம்புலி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட்டான்.

பத்து நாள் கழித்து, நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஜானகிராமன் வந்தார். குடை, தோல்பை, இஞ்சு டேப். வந்ததும் வராததுமாகப் பூட்டைக் கேட்டார். பூட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லீங்க சார்."

"நிலை பேர்ந்திருக்கா?"

"இல்லீங்க."

"கடப்பாரை பட்ட தடம் எங்கயாவது?"

"இல்லீங்க. சாவி போட்டுத் தெறந்துட்டான்."

"சாவி எங்கே?"

"வச்ச எடத்துலயே கீது சார்."

ஜானகிராமன் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஜம்புலிங்கம், இது திருட்டே இல்லை. திருட்டுன்னா பலாத்காரமா உள்ள நுழையணும். எங்க பாலிசில போட்டிருக்கு. இங்க என்ன நடந்திருக்கு? ஒருத்தன் வந்தான், போனான். போகும்போது அண்டாவும் கூடப் போச்சு. அவ்வளவுதான். பூட்டு உடையாம திருடறது திருடனோட குற்றம். அதுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? அவன் கொஞ்சம் ஒழுங்கு முறையா நடந்திருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை."

இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. திருட்டு நடந்திருக்கச் சாத்தியமா என்று அவர் பார்த்தாக வேண்டும். அண்டா அளவுக்கு ஒரு பொருள் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டிலிருந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தகரத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஜம்புலிங்கத்தைத் திருடனாக நடிக்கச் சொன்னார். அவன் சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, தொட்டியைத் தூக்கித் தோளில் வைத்து, நிலையில் இடிக்காமல் சாய்த்து வெளியே கொண்டுவந்தான். ஜானகிராமன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மூன்றாவது தடவை தெருவே கூடிவிட்டது. நாகம்மா, "பாரு பாரு, அவன் தூக்கினாப்பலயே தூக்கறான்!" என்று கத்தினாள். ஜானகிராமன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். 'மேற்படி காரியத்தில் பாலிசிதாரருக்கு நல்ல பழக்கம் இருப்பது நேரில் கண்டறியப்பட்டது.'

அடுத்தது விலை. அண்டாவில் 1931 என்று வெட்டியிருந்ததைத் தாட்சாயிணி பெருமையாகச் சொன்னாள். அவர் பென்சிலை எடுத்தார். வருஷத்துக்குப் பத்துக்கு ஒன்று தேய்மானம் என்று கழித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றாம் வருஷத்தோடு அண்டாவின் விலை தீர்ந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"விதிப்படி பார்த்தா, இந்த அண்டா இருபத்தேழு வருஷமா இல்லவே இல்லை" என்றார்.

"நாங்க அதுலதான் சார் போன வருஷமும் கூழ் காச்சினோம்."

"அது உங்க நம்பிக்கை. அதுல நான் தலையிட மாட்டேன்." நோட்டைப் புரட்டினார். "உபயம்னு வேற வெட்டியிருக்குங்கறீங்க. அப்ப உரிமையாளர் நீங்க இல்லை, பொன்னியம்மன். அவங்க கையெழுத்து வேணும். எங்க இருக்காங்க?"

"தெருக்கோடில, சார். அம்மன் சார் அது. சாமி."

"யாரா இருந்தாலும் விதி ஒண்ணுதான். கையெழுத்துப் போட முடியாதவங்களா இருந்தா இடது கை கட்டைவிரல் ரேகை. வர முடியாதவங்களா இருந்தா டாக்டர் சர்டிபிகேட்."

நாகம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜானகிராமன் மோர் கொடுத்ததைக் குடித்துவிட்டு, 'பரிசீலனையில்' என்று ஒரு ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டுப் போனார்.

ஆடி பிறந்துவிட்டது. முதல் ஞாயிறு போயிற்று. ஜம்புலிங்கம் வாரம் இரண்டு அரை நாள் பூந்தமல்லி மாடிப்படி ஏறி இறங்கினான். பக்தவத்சலம் ஓடிப் போய் அவன் அட்டையில் சிவப்பு மை போட்டார். தாட்சாயிணி குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தண்ணீர் பிடித்தாள். ஒருநாள் குடத்தை இறக்கி வைத்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். கிட்டப் போகாமல் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை தாட்சாயிணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால், சமையல் கட்டு மூலையில் அதே வட்டத்தின் மேல் அண்டா உட்கார்ந்திருந்தது. உள்ளே புது ஈயம் வெள்ளி மாதிரி பளபளத்தது. அடியில் இரண்டு படி கேழ்வரகும் ஒரு எலுமிச்சம் பழமும் இருந்தன.

"நான்தாண்டி மறுபடியும் ஒரு கை புடிச்சேன்!" என்று நாகம்மா ஓடி வந்தாள். "அதே புள்ள. அண்டாவுல அம்மா பேரப் பாத்தானாம், ராவெல்லாம் தூங்கலயாம். ஈயம் பூசறேன்னு சொல்லிட்டுத்தானே எடுத்துகினு போனேன், பூசிட்டேங்கிறான்."

"புடிச்சி வச்சிருக்கக் கூடாதா, யக்கா?"

"எதுக்கு? ஈயத்துக்குத் துட்டுகூட வாங்கலயேடி அவன்!"

தாட்சாயிணி அண்டாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. குழாயடியில் வாய் நீண்டவள்தான் முதலில் வந்து திருஷ்டி கழித்தாள். விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜம்புலிங்கம் யோக்கியன். அண்டா கிடைத்துவிட்டது, என் க்ளெய்மை ரத்து செய்துவிடவும் என்று ஒரு கார்டு எழுதினான். தாட்சாயிணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கு மாமா அவங்களுக்கு எழுதற? சும்மா கெட!"

"காணோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறேனே. இப்ப அது பொய்யாயிடும்ல?"

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கம்பெனி ஒரு கடிதத்துக்கு மறுநாளே பதில் போட்டது. கங்காதரன் கைப்பட எழுதியிருந்தார். 'தங்கள் க்ளெய்ம் நேற்றே பாஸாகிவிட்டது என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பூட்டு உடையாமை, தேய்மானம், அம்மன் கையெழுத்து முதலியவை கருணை அடிப்படையில் தள்ளுபடி செய்யப்பட்டன. பாஸான க்ளெய்மை வாபஸ் வாங்க விதியில் இடமில்லை. படிவத்தின் பதினான்காம் பத்தியின்படி, மீட்கப்பட்ட பொருள் இனி கம்பெனிக்குச் சொந்தம். தயாராக வைக்கவும்.'

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வேன் வந்தது. ஜானகிராமன் இறங்கினார். சர்வே செலவு, முத்திரைச் செலவு எல்லாம் கழித்து மிஞ்சியது என்று ஜம்புலிங்கம் கையில் எட்டு ரூபாய் இருபது பைசாவை வைத்து ரசீது வாங்கினார். வேம்புலியும் ஒரு கூலியாளும் அண்டாவைத் தூக்கினார்கள். ஜானகிராமன் ஈயத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "புதுசு. நல்ல விலை பெறும்" என்று எழுதிக்கொண்டார். நாகம்மா இந்தத் தடவை கை பிடிக்கவில்லை. நடுத்தெருவில் நின்று, "திருடன் கொண்டாந்து வச்சான், நீங்க தூக்கினு போறீங்களேடா, கட்டைல போறவனுங்களா!" என்று வேன் மறைகிற வரைக்கும் மண்ணை வாரித் தூற்றினாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்தால் கூழ். ஜம்புலிங்கமும் தாட்சாயிணியும் பூந்தமல்லிக்கு ஓடினார்கள். துணைக்கு நானும் போனேன். அண்டா மேனேஜர் அறை மூலையில் இருந்தது. அதன் வாய் வரைக்கும் பழைய காகிதக் கட்டுகள் அடைத்திருந்தன.

"தள்ளுபடி செஞ்ச க்ளெய்ம்கள்" என்றார் கங்காதரன் பெருமையோடு. "முப்பத்திரண்டு வருஷத்துக் காகிதமும் உள்ள போயிடுச்சு. இன்னும் இடம் இருக்கு. நல்ல பாத்திரம்."

"ஐயா, நாளைக்கு ஒரு நாளைக்குக் குடுங்க. சாமி காரியம். கூழ் ஊத்திட்டு கழுவி நானே கொண்டாந்து வச்சிடறேன்" என்று ஜம்புலிங்கம் கும்பிட்டான். எட்டு ரூபாய் இருபது பைசாவை மேஜை மேல் வைத்தான்.

"தம்பி, கம்பெனிச் சொத்தை வெளியே கொடுக்கணும்னா தலைமை அலுவலக உத்தரவு வேணும். விண்ணப்பம் போடுங்க. தொண்ணூறு நாள்ல பதில் வரும். சாமிக்கு என்ன, ஐப்பசில ஊத்தினா குடிக்க மாட்டேன்னா சொல்லப் போறாங்க? நாங்களும் பக்திமான்கள்தான். எங்க பேர்லயே மங்களா இருக்காங்க, பாருங்க."

தாட்சாயிணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் மேஜை மேல் வைத்த காசை எடுத்துக்கொண்டான்.

ஒரு மணிக்கு ஆபீஸ் மூடினார்கள். அதிகாரிகள் இறங்கிப் போனார்கள். வேம்புலி கடைசியாக வெளியே வந்து கதவைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். பிறகு எம்பி, நிலைக்கு மேலே இருக்கும் கட்டையில் சாவியை வைத்தான். வேம்புலி எங்களுக்குப் பக்கத்துத் திருவேற்காட்டுக்காரன். நாங்கள் மூன்று பேரும் படிக்கட்டில் நின்று அதைப் பார்த்தோம். அவன் நாங்கள் பார்த்ததைப் பார்த்தான்.

"நாளைக்கு லீவு அண்ணாத்தே" என்றான் பொதுவாக. "நானு எங்க அம்மன் கோயில்ல கூழ் குடிக்கப் பூடுவேன். இந்தப் பக்கமே வர மாட்டேன். சாவி மேல வச்சிக்கீறேன்."

ஞாயிறு விடிந்ததும் தாட்சாயிணியும் நாகம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, வேப்பிலையும் கையுமாக, பம்பை முழங்க டிரங்க் ரோட்டில் நடந்தார்கள். நான் கைவண்டி தள்ளிக்கொண்டு போனேன். ஆடி மாதத்தில் மஞ்சள் புடவை கட்டியவர்களை எவன் நிறுத்திக் கேட்பான்? தாட்சாயிணி சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். காகிதக் கட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து மேனேஜர் மேஜை மேல் தேதிவாரியாக அடுக்கினோம். எட்டு ரூபாய் இருபது பைசாவை அதன் மேல் வைத்தாள். அண்டா வெளியே வந்தது. நானும் ஒரு கை பிடித்தேன். தாட்சாயிணி பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியை வைத்த இடத்தில் வைத்தாள்.

அன்றைக்கு ஊற்றிய கூழ் மாதிரி எந்த வருஷமும் அமைந்ததில்லை. திருடன் கொடுத்த கேழ்வரகும் அதில்தான் வெந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஜானகிராமன் குடையும் தோல்பையுமாக மூச்சிரைக்க வந்தார். ஜம்புலிங்கம் அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தான். தாட்சாயிணி அவனை உள்ளே போகச் சொல்லிவிட்டு வாசலில் வந்து நின்றாள். நாங்கள் எல்லாரும் அவள் பின்னால் நின்றோம்.

"ஆபீஸ்ல திருட்டு நடந்திருக்கு! அண்டாவைக் காணோம்!" என்றார்.

"அடப்பாவமே" என்றாள் தாட்சாயிணி. "பூட்டு ஒடஞ்சிக்கீதா சார்?"

"இல்லை."

"நெல பேந்துக்கீதா?"

"இல்லை."

"கடப்பார பட்ட தடம்?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"சாவி எங்க சார்?"

"வச்ச இடத்துலயே இருக்கு" என்றார் ஜானகிராமன்.

"அப்ப திருட்டு இல்லியே சார். நாலு பேரு வந்தாங்க, போனாங்க. போவசொல்லோ அண்டாவும் கூடப் போச்சு. அவ்ளோதானே நடந்துக்கீது? அதுவும் அந்த அண்டா இருவத்தேழு வருசமா இல்லவே இல்லன்னு நீங்கதானே சார் எழுதினீங்க? இல்லாததை யாரு எடுத்துகினு போவ முடியும்?"

ஜானகிராமன் குடையைச் சாய்த்து வைத்தார். பிறகு நோட்டை எடுத்து, 'திருட்டு நடக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதியை மதிக்கிற மனுஷன், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாகம்மா ஒரு சொம்பில் மிச்சக் கூழைக் கொண்டுவந்து நீட்டினாள். குடித்துவிட்டுப் போனார்.

கங்காதரனுக்குத்தான் சங்கடம். ஆபீஸ் சாமான் முழுவதும் அவர்கள் கம்பெனியிலேயே இன்ஷூர் ஆகியிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு க்ளெய்ம் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாராம். 'கோருமுன் யோசி' புத்தகத்தை மூன்று தடவை படித்தாராம். கடைசியில் போடவில்லை. வேம்புலி சொன்னான்.

விஜயதசமி கழித்து ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனபோது மாடியேறி எட்டிப் பார்த்தேன். பத்தாவது ஆணியில் கங்காதரன் சந்தன மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.